தொலைதூரக் கிளைடர் பந்தயம்: முதன்முறை பங்கேற்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எஞ்சின் இல்லாத ஒரு கிளைடர் 320 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை மூன்றரை மணி நேரத்தில் முடித்துப் புறப்பட்ட ஓடுதளத்துக்கே திரும்பி வருகிறது என்றால், அந்தத் தூரத்துக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் அதன் விமானி வழியில் கிடைத்த காற்றிலிருந்தே எடுத்திருக்கிறார் என்று பொருள். இழுவை விமானம் கொடுத்தது முதல் 600 மீட்டர் உயரம் மட்டுமே. பந்தயம் என்பது இதே வேலையை, ஒரே நாளில், ஒரே பாதையில், பலர் சேர்ந்து செய்து, யார் குறைந்த நேரத்தில் முடித்தார் என்று பார்ப்பது. தனியாக நீண்ட தூரம் பறந்து பழகியவர்களுக்குக்கூட இந்தக் கடைசி நிபந்தனை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அதுவரை உயரமே அவர்களுடைய கையிருப்பாக இருந்தது. இனி உயரத்தோடு நிமிடங்களையும் எண்ண வேண்டும்.

1937-இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் முதல் சர்வதேசப் போட்டி நடந்த காலத்திலிருந்து கருவிகளும் விதிகளும் வெகுவாக மாறிவிட்டன. ஆயினும் நிமிடங்கள் எங்கே தொலைகின்றன என்ற கேள்வி மாறவில்லை. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

முதல் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும், தெர்மல்களுக்கு (தரை சூடாவதால் மேலெழும் காற்றோட்டங்களுக்கு) இடையில் வேகமாகப் பறப்பவரே வெல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு எளிய கணக்கு இந்த எண்ணத்தைத் திருத்தும். உங்கள் கிளைடர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது விநாடிக்கு 1.3 மீட்டர் கீழிறங்குகிறது என்றும், தெர்மலில் சராசரியாக விநாடிக்கு 2 மீட்டர் மேலேறுகிறது என்றும் கொள்வோம். இழந்த உயரத்தைத் திரும்பப் பெறச் சுற்றும் நேரத்தையும் சேர்த்தால், பாதையில் உங்கள் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். இப்போது பொறுமை இழந்து வேகத்தை 160-க்கு உயர்த்துகிறீர்கள்; கீழிறக்கம் விநாடிக்கு 1.9 மீட்டராகிறது. சராசரி 82-ஆகக் குறைகிறது. வேகம் கூட்டியதால் மெதுவாகிவிட்டீர்கள். மாறாக, அதே 140-இல் பறந்து, விநாடிக்கு 3 மீட்டர் கொடுக்கும் தெர்மல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் சராசரி ஏறத்தாழ 98 ஆகிறது.

இந்தக் கணக்கை விமானிகளின் அன்றாட நடைமுறையாக்கியவர் அமெரிக்கரான பால் மக்ரெடி. 1956-இல் பிரான்ஸின் சான்-யானில் உலகப் பட்டம் வென்ற இவருடைய பெயரால்தான் இன்றும் ஒவ்வொரு பறப்புக் கணினியிலும் ஓர் அமைப்பு அழைக்கப்படுகிறது. மனித உடலின் ஆற்றலால் மட்டுமே பறந்து 1977-இல் பரிசு வென்ற காசமர் காண்டோர் விமானத்தை உருவாக்கியவரும் இவரே. மக்ரெடி எண் என்பது, அடுத்து நீங்கள் எதிர்பார்க்கும் மேலேற்றத்தின் அளவு. அதைக் கணினியில் இட்டால், எந்த வேகத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு பலவீனமான தெர்மலைப் புறக்கணிக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது விடை சொல்லும். இரண்டாவது விடையே முக்கியமானது. வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் முன்பின் ஆனால் இழப்பு மிகச் சிறியது. மோசமான தெர்மலில் நின்று சுற்றினால் இழப்பு பெரியது.

எவ்வளவு பெரியது என்பதையும் பார்த்துவிடலாம். வழியில் தாழ்ந்துபோய், விநாடிக்கு அரை மீட்டர் மட்டும் தூக்கும் தெர்மலில் 300 மீட்டர் ஏற நேர்ந்தால் பத்து நிமிடம் செலவாகும். 2 மீட்டர் தெர்மலில் அதே உயரம் இரண்டரை நிமிடத்தில் கிடைத்திருக்கும். ஒரேயொரு முறை நேர்ந்த அந்த ஏழரை நிமிட இழப்பு, மூன்றரை மணி நேரப் பந்தயத்தில் உங்கள் சராசரியை 90-இலிருந்து 87-க்குக் கீழே தள்ளிவிடும். பந்தய நாளின் முடிவில் முதல் பத்து இடங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு பல நேரங்களில் இவ்வளவுதான்.

தகுதியும் வகுப்பும்

பந்தயத்துக்கு விண்ணப்பிக்கும் முன், கிளைடர் விமானிகளுக்கான தகுதிச் சின்னமான சில்வர் பேட்ஜுக்குரிய மூன்று நிபந்தனைகளையாவது நிறைவு செய்திருப்பது நல்லது: 5 மணி நேரம் காற்றில் நிலைத்திருத்தல், 50 கிலோமீட்டர் தொலைவு, 1,000 மீட்டர் உயர ஏற்றம். என் கருத்தில், 300 கிலோமீட்டர் தூரத்தை ஒருமுறையேனும் தனியாக முடித்தவரே பந்தயத்தை அனுபவித்துப் பறக்க முடியும். அதற்கு முன் வருபவருடைய கவனம் முழுவதும் தரையிறங்காமல் இருப்பதிலேயே செலவாகிவிடும். ஏதேனும் ஒரு வயலில் இறங்கிய அனுபவமும் வேண்டும். அது இல்லையென்றால், எஞ்சின் பொருத்திய கிளைடரில் ஒரு பயிற்சியாளருடன் சென்று, வயல்களைத் தேர்ந்தெடுத்து அணுகும் பயிற்சியைப் பெற்ற பிறகே விண்ணப்பியுங்கள்.

எஃப்.ஏ.ஐ. எனப்படும் உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் கீழ் வரும் கிளைடிங் ஆணையம் வகுப்புகளை வரையறுக்கிறது. ஸ்டாண்டர்ட் வகுப்பில் இறக்கை நீளம் 15 மீட்டர், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) கூடாது. ஃப்ளாப் அனுமதிக்கப்படும் 15 மீட்டர், 18 மீட்டர் வகுப்புகள் தனி. ஓப்பன் வகுப்பில் இறக்கை நீளத்துக்கு வரம்பில்லை. இருவர் பறக்கும் 20 மீட்டர் வகுப்பும் உண்டு. புதியவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது கிளப் வகுப்பு. அதில் பழைய கிளைடர்கள் அவற்றின் திறனுக்கேற்ற ஈட்டு எண்ணால் சமப்படுத்தப்படுகின்றன, நீர்ச்சுமையும் (எடை கூட்ட இறக்கையில் நிரப்பும் தண்ணீர்) அனுமதிக்கப்படுவதில்லை. கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று குறைவதே முதல் பந்தயத்தில் பெரிய உதவி. இருவர் கிளைடரில் அனுபவசாலி ஒருவரின் பின்னிருக்கையில் ஒரு பந்தயம் முழுவதும் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் அதை விடாதீர்கள். காண்டோர் போன்ற கணினிப் பறப்பு மென்பொருளில் குளிர்காலத்தில் பறந்து பழகுவதும் தொடக்கத் தந்திரங்களையும், கடைசித் தெர்மலிலிருந்து முடிவு வரையிலான இறுதிச் சறுக்கலையும் மனத்தில் பதிய வைக்கும்.

கிளைடரும் துணைக்குழுவும்

இறக்கை மூட்டுகளின் இடைவெளிகளை டேப் ஒட்டி அடையுங்கள். இறக்கையின் முன்விளிம்பை ஒவ்வொரு காலையும் துடையுங்கள். முன்விளிம்பில் அப்பிக்கொள்ளும் பூச்சிகள்கூடச் சறுக்கு விகிதத்தை, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் கடக்கும் தூரத்தை, கண்கூடாகக் குறைக்கும். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் குழாய்களில் கசிவு இல்லை என்பதைப் பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பொய் சொல்லும் வேரியோமீட்டரை நம்பித் தெர்மல் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பு. ஆணையம் ஏற்ற பறப்புப் பதிவுக் கருவி ஒன்றும், அது பழுதானால் பயன்படுத்த இன்னொன்றும் தேவை. 1990-களுக்கு முன்பு, பாதை திரும்பும் இடமான திருப்பப் புள்ளியைச் சுற்றியதற்கு விமானி கேமராவில் படம் எடுத்து வர வேண்டியிருந்தது, இன்று ஜி.பி.எஸ். பதிவே சான்று. பதிவு இல்லையென்றால் நீங்கள் பறக்கவே இல்லை என்றுதான் மதிப்பெண் பட்டியல் சொல்லும்.

பாராசூட் அணிவது கட்டாயம். அருகிலுள்ள கிளைடர்களைக் காட்டி எச்சரிக்கும் ஃப்ளார்ம் கருவியும் பெரும்பாலான போட்டிகளில் கட்டாயம். குடிநீர், தொப்பி, சிறுநீர் கழிக்கும் ஏற்பாடு ஆகியவற்றை இரண்டாம்பட்சமாகக் கருதாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் நான்கு மணி நேரம் வெயிலில் அமர்ந்திருக்கும் விமானியின் தீர்மானங்கள் தரம் குறைவதை அவரே உணர மாட்டார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

துணைக்குழுவுக்கு ஒருவர் போதும். ஆனால் அவர் டிரெய்லரை இழுத்து ஓட்டவும், கிளைடரைப் பிரித்து ஏற்றவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். காரில் எரிபொருள் நிரப்பி, டிரெய்லரின் விளக்குகளும் டயர்களும் சரிபார்க்கப்பட்டு, சாவி அவர் கையில் இருக்கிறது என்ற நிச்சயத்தோடு பறப்பவர், வயலில் இறங்க நேரும்போது நிதானமாகத் தீர்மானிப்பார்.

டாஸ்க்கைப் படித்தல்

ஒவ்வொரு காலையும் விமானிகள் கூட்டத்தில் அன்றைய டாஸ்க், அதாவது அன்று பறந்து முடிக்க வேண்டிய பாதை, அறிவிக்கப்படும். அது இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். ரேசிங் டாஸ்க்கில் திருப்பப் புள்ளிகள் நிலையானவை; பொதுவாக ஒவ்வொன்றையும் சுற்றி 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே தூரம். குறைந்த நேரம் எடுத்தவர் வெல்வார்.

பரப்பு டாஸ்க்கில் புள்ளிகளுக்குப் பதிலாகப் பெரிய பரப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு பரப்புக்குள்ளும் எவ்வளவு ஆழமாகச் சென்று திரும்புவது என்பது உங்கள் விருப்பம்; ஆனால் குறைந்தபட்ச நேரம் ஒன்று உண்டு. இந்த நேரத்தைப் பற்றிய ஒரு நுணுக்கத்தைப் பலர் முதல் பந்தயத்தில் அடிபட்டே கற்கிறார்கள். குறைந்தபட்ச நேரம் 3 மணி என்று வையுங்கள். நீங்கள் 300 கிலோமீட்டரை 2 மணி 50 நிமிடத்தில் முடித்துவிட்டால், உண்மையில் பறந்த வேகம் மணிக்கு 106 கிலோமீட்டர் என்றாலும், 3 மணியால் வகுத்து 100 என்றே மதிப்பிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நல்ல காற்று இருந்த ஒரு பரப்பின் உட்புறத்தில் செலவிட்டிருந்தால் 106-ஐக் காப்பாற்றியிருக்கலாம். ஆகவே குறைந்தபட்ச நேரத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தியே வருமாறு திட்டமிட வேண்டும். அதற்கான கடைசித் தீர்மானம் கடைசிப் பரப்பில்தான் எடுக்கப்படுகிறது. முதல் பரப்பிலேயே மிக ஆழமாகச் சென்றுவிட்டவருக்குப் பின்னால் சரிசெய்ய இடம் இருக்காது.

நல்ல நாளில் அன்றைய வெற்றியாளருக்கு 1,000 புள்ளிகள். வேகத்துக்கான புள்ளிகள் முடித்தவர்களுக்கே; வழியில் இறங்கியவருக்குத் தூரத்துக்கான புள்ளிகள் மட்டும். ஒன்பது நாள் பந்தயத்தில் ஒரே ஒரு நாள் வயலில் இறங்கியவர், மற்ற எட்டு நாள்களும் சிறப்பாகப் பறந்தும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாமல் போவது வழக்கமான காட்சி. ஒருநாளும் முதலிடம் பெறாமலேயே, தினமும் முடித்துவிட்டு வந்தவர் மொத்தப் பட்டியலில் முன்னால் நிற்பதும் அப்படியே.

தடை செய்யப்பட்ட வான்பரப்புகளைக் கணினியில் ஏற்றி, வரைபடத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். எல்லையை ஒருமுறை மீறினால் அந்த நாளே போய்விடக்கூடும்.

வானிலையும் நீர்ச்சுமையும்

பறப்பதற்கு முன்னால் மூன்று எண்கள் தெரிந்திருக்க வேண்டும்: தெர்மல்கள் எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு உயரம் வரை செல்லும், எத்தனை மணிக்கு அடங்கும். தெர்மலின் உச்சியில் உருவாகும் குமுலஸ் மேகத்தின் அடித்தள உயரத்தை நீங்களே மதிப்பிடலாம். தரை வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும்) உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மீட்டரில் விடை வரும். 32 டிகிரியும் 16 டிகிரியும் என்றால் அடித்தளம் சுமார் 2,000 மீட்டர்.

நீர்ச்சுமை அனுமதிக்கப்படும் வகுப்பில் பறப்பவர், எவ்வளவு தண்ணீர் நிரப்புவது என்பதையும் காலையிலேயே தீர்மானிக்க வேண்டும். இறக்கையில் தண்ணீர் நிரப்பி 350 கிலோ எடையை 525-க்கு உயர்த்தினால், சறுக்கு விகிதம் மாறாது; ஆனால் அந்தச் சிறந்த விகிதம் கிடைக்கும் வேகம் மணிக்கு 100-இலிருந்து சுமார் 122 கிலோமீட்டராக உயரும். வலுவான நாளில் இது பெரிய வரம். பலவீனமான, குறுகிய தெர்மல்களில் கனமான கிளைடர் அகலமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் அதுவே பாரமாகிவிடும். நிரப்பியதைத் திறந்துவிடலாம், மேலே போய் நிரப்ப முடியாது என்பதால், ஐயமுள்ள நாளிலும் நிரப்பிக்கொண்டு கிளம்புவதே பொதுவழக்கம். வால் தொட்டியும் இறக்கைத் தொட்டியும் சேர்ந்து காலியாகின்றனவா என்பதைத் தரையிலேயே சோதியுங்கள்; இறக்கை காலியாகி வால் நிறைந்திருந்தால் புவியீர்ப்பு மையம் ஆபத்தான அளவுக்குப் பின்னால் சென்றுவிடும்.

தொடக்கக் கோடு

கிளைடர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு ஒவ்வொன்றாக இழுத்துச் செல்லப்படுகின்றன. வரிசை நாளுக்கு நாள் சுழலும். ஒரு வகுப்பின் கடைசிக் கிளைடரும் மேலே சென்று, அறிவிக்கப்பட்ட இடைவெளி கழிந்த பிறகே கோடு திறக்கும். திறந்தவுடன் பாய வேண்டியதில்லை. உங்கள் கடிகாரம், நீங்கள் கோட்டைக் கடக்கும் கணத்தில்தான் ஓடத் தொடங்குகிறது.

எப்போது கடப்பது? பின்னாலிருந்து கணக்கிடுங்கள். டாஸ்க் 320 கிலோமீட்டர், எதிர்பார்க்கும் சராசரி 90 என்றால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை. தெர்மல்கள் 5.30 மணிக்கு அடங்கும் என்றால், முக்கால் மணி நேரம் கையிருப்பு வைத்து 4.45-க்குள் திரும்ப வேண்டும். எனவே பிற்பகல் 1.10-க்குப் பிறகு தொடங்குவது துணிச்சல். இந்த எல்லைக்கு உட்பட்டு எவ்வளவு தாமதிக்கலாம் என்பதில்தான் தந்திரம் இருக்கிறது. முன்னால் சென்றவர்கள் சுற்றும் இடங்கள் பின்னால் வருபவருக்குத் தெர்மல்களைக் காட்டிக்கொடுக்கின்றன. எல்லோரும் அதற்காகவே காத்திருப்பதால், கோட்டின் முன்னால் நாற்பது கிளைடர்கள் ஒரே உயரத்தில் குழுமி நிற்கும் நிலை உருவாகிறது. பந்தயத்தின் மிக அபாயகரமான நிமிடங்கள் இவையே. முதல் பந்தயத்தில் இந்தக் காத்திருப்பு ஆட்டத்தில் இறங்க வேண்டாம். அனுமதிக்கப்பட்ட உயரத்தின் உச்சத்துக்கு அருகில், முன்னால் நல்ல மேகம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும் வேளையில், கூட்டத்துக்குச் சற்று முன்பாகவே கிளம்பிவிடுங்கள். உங்களைப் பிடித்து முந்துபவர்கள் எந்த இடத்தில் எப்படித் திரும்பினார்கள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே அன்றைய பாடம்.

தெர்மலில்

முன்னே சொன்ன கணக்கின்படி, 2 மீட்டர் தெர்மலும் 1.3 மீட்டர் இறக்கமும் கொண்ட நாளில் உங்கள் நேரத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு சுற்றுவதிலேயே போகிறது. எனவே சுற்றும் திறமையை வளர்ப்பதைப் போல் பயன் தரும் பயிற்சி வேறில்லை.

பெரும்பாலோர் போதிய அளவு சாய்ப்பதில்லை. மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் சுமார் 123 மீட்டர். 45 டிகிரியில் அது 71 மீட்டர். தெர்மலின் வலுவான மையம் சிறியது. அகன்ற வட்டத்தில் சுற்றுபவர் அதன் விளிம்பையே உரசிக்கொண்டிருப்பார். ஆகாயத்தில் பருந்து சுற்றுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அது உட்புறம் நன்றாகச் சாய்ந்தே சுற்றுகிறது. நீங்கள் சுற்றும் இடத்துக்கு அருகில் பருந்துகள் உங்களைவிட வேகமாக ஏறினால், தயங்காமல் அங்கே நகருங்கள்.

மையத்தைத் தேடும் முறை எளிது. அதைச் சோர்வில்லாமல் செய்வதுதான் கடினம். வட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கை உங்களை மேலே தள்ளுகிறது என்பதை உடலால் உணருங்கள். அந்தப் பக்கம் மீண்டும் வருவதற்குச் சற்று முன் சாய்வைக் குறைத்து, ஓரிரு விநாடி நேராகச் சென்று மறுபடி சாயுங்கள். ஒரு வட்டத்துக்கு 17 முதல் 20 விநாடி ஆகும்; மூன்று வட்டங்களுக்குள் மையம் பிடிபட வேண்டும். பிடிபடவில்லை, சராசரியும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, உயரமும் போதுமான அளவு இருக்கிறது என்றால், கிளம்பிவிடுங்கள். ‘இன்னும் ஒரு வட்டம்’ என்ற ஆசை, கணக்கில் வராத நிமிடங்களை விழுங்குகிறது. வேரியோமீட்டரின் முள் அவ்வப்போது காட்டும் உச்சத்தைப் பார்த்து மகிழாதீர்கள். தெர்மலுக்குள் நுழைந்து மையம் தேடிய நேரத்தையும் சேர்த்த சராசரியே உண்மையான எண். அது பெரும்பாலும் உங்கள் நினைப்பைவிடக் குறைவாகவே இருக்கும்.

எப்போது வெளியேறுவது என்பதற்கும் மக்ரெடியின் விடை உண்டு. மேலே செல்லச் செல்ல ஏற்றம் தளர்ந்து, அடுத்த தெர்மலின் தொடக்கத்தில் கிடைக்கும் என்று நீங்கள் நம்பும் அளவுக்கு வரும்போது வெளியேறுங்கள். மேக அடித்தளத்தைத் தொடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேகத்துக்குள் பறப்பது சாம்பியன்ஷிப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

கூட்டத்தோடு சுற்றும்போது விதிகளில் தளர்வே கிடையாது. முதலில் வந்தவர் எந்தத் திசையில் சுற்றுகிறாரோ அதே திசையில் சுற்ற வேண்டும். வட்டத்தின் வெளிப்புறத்திலிருந்து தொடுகோடாக நுழைய வேண்டும். ஏற்கெனவே சுற்றுபவர் தம் வட்டத்தை மாற்றும்படி செய்யக் கூடாது. பக்கத்திலிருக்கும் கிளைடர் கண்ணில் படாமல் போன கணமே, சாய்வைக் குறைத்து வெளியே வந்துவிடுங்கள். ஃப்ளார்ம் ஒலிக்கும் என்று நம்பி வெளியே பார்ப்பதைக் குறைத்தவர், கருவியின் நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொண்டவர்.

தெர்மல்களுக்கு இடையே

நல்ல பந்தய விமானி தெர்மலில் இருக்கும்போதே அடுத்த இரண்டு மேகங்களைத் தேர்ந்தெடுத்திருப்பார். அடித்தளம் தட்டையாகவும் கருமையாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் இருக்கும் மேகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்புகள் பஞ்சுபோலக் கலைந்து, நடுவில் பழுப்பேறிய மேகத்தை நீங்கள் சென்றடைவதற்குள் அதன் கீழே காற்று இறங்கத் தொடங்கியிருக்கும். பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேகத்தை அடைய நான்கு நிமிடத்துக்கும் மேலாகும். ஆகவே இப்போது அழகாகத் தெரிவதைவிட, நான்கு நிமிடத்துக்குப் பின் உயிரோடிருக்கப்போவது எது என்று பாருங்கள். மேகமே இல்லாத நாளில் தரையைப் படிக்க வேண்டும்: சூரியனை நோக்கிய சரிவுகள், ஈரமான பசுமைக்கு அருகிலுள்ள உலர்ந்த உழுத நிலம், காடு முடியும் விளிம்பு ஆகியவை காற்றை மேலே கிளப்பும் இடங்கள். தெர்மல் காற்றோடு சாய்ந்து எழுவதால், தாழ்வாக இருக்கும்போது கிளம்பும் இடத்துக்கு அருகிலும், உயரமாக இருக்கும்போது அதிலிருந்து காற்றுவாக்கிலும் தேடுங்கள்.

நேர்ப்பாதையிலிருந்து விலகத் தயங்காதீர்கள். 10 டிகிரி விலகினால் கூடுதல் தூரம் 1.5 விழுக்காடுதான், 20 டிகிரி என்றால் 6, 30 டிகிரியில்தான் அது 15 விழுக்காட்டைத் தாண்டி வலிக்கத் தொடங்குகிறது. காற்றின் திசையில் மேகங்கள் வரிசையாக அமைந்திருந்தால், அந்த மேகத் தெருவின் அடியிலேயே, ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்தும் இறக்கத்தில் கூட்டியும், சுற்றாமலே பல கிலோமீட்டர் செல்லலாம். அப்படிக் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த 39 விழுக்காட்டிலிருந்து மீட்டது. ஆனால் ஏற்றத்துக்குள் திடீரென்று மேலிழுக்கும்போது பின்னால் யாரும் உங்களுக்கு மேலே இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை மூன்று தளங்களாகப் பிரித்து மனத்தில் வைத்திருப்பது என் வழக்கம். மேக அடித்தளம் 2,000 மீட்டர் என்றால், 1,200-க்கு மேலே நல்ல தெர்மலை மட்டுமே ஏற்கிறேன். 1,200-க்கும் 700-க்கும் இடையில் சுமாரானதையும் ஏற்கிறேன். அதற்கும் கீழே கிடைப்பது எதுவாயினும் சுற்றுகிறேன். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கும்போது மனத்தின் கியரை மாற்ற வேண்டும். உச்சியில் இருந்தபோது எடுத்த வேகத்திலேயே கீழ்த்தளத்திலும் பறப்பவர்கள்தாம் வயலில் இறங்குகிறார்கள்.

தாழ்ந்துபோனால்

வயலில் இறங்குவது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று. தாமதமாகத் தீர்மானிப்பதுதான் கிளைடரை உடைக்கிறது. தரையிலிருந்து 600 மீட்டரில், இறங்கத்தக்க வயல்கள் நிறைந்த பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். 450 மீட்டரில் குறிப்பிட்ட வயல் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 300 மீட்டரில் இறங்கு சுற்றைத் தொடங்கிவிட வேண்டும். அதன் பிறகு கிடைக்கும் எந்தத் தெர்மலும் உங்களுக்கானது அல்ல.

வயலின் நீளம், சரிவு, தரையின் தன்மை, சுற்றிலுமுள்ள தடைகள், கால்நடைகள், தரைக்காற்றின் திசை ஆகியவற்றை அந்த வரிசையிலேயே சோதியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது சரிவு தெரிந்தால் அது மிகச் செங்குத்து என்று பொருள். கட்டாயம் இறங்கத்தான் வேண்டும் என்றால் மேட்டை நோக்கி இறங்குங்கள். மின்கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். பயிர் உயரமாக இருந்தால் இறக்கை சிக்கிக் கிளைடர் சுழன்றுவிடும். அறுவடையான வயலே சிறந்தது. தண்ணீர் மிச்சமிருந்தால் திறந்துவிடுங்கள். அது முழுவதும் வெளியேறச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் 600 மீட்டரிலேயே அதைச் செய்யுங்கள். துணை எஞ்சின் உள்ளவர், அது கிளம்பாமல் போகலாம் என்றே எண்ணி, கைக்கெட்டும் வயலுக்கு மேலே மட்டும் அதை இயக்க வேண்டும். எஞ்சின் ஒலியைப் பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். அந்த இடத்தோடு உங்கள் பந்தயத் தூரம் முடிந்துவிடும்.

இறங்கியதும் முதலில் துணைக்குழுவுக்கும் அமைப்பாளருக்கும் செய்தி அனுப்புங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிச் சென்று பேசுங்கள். அவருடைய வாயிலைத் திறந்தபடியே விட்டுச் செல்லாதீர்கள்.

இறுதிச் சறுக்கல்

கடைசித் தெர்மலில் எவ்வளவு ஏறுவது என்பது பந்தயத்தின் கடைசிக் கணக்கு. கடந்ததும் பந்தயம் முடியும் முடிவு வட்டம் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். அமைதியான காற்றில், 40-க்கு 1 என்ற சிறந்த சறுக்கு விகிதத்தில் 750 மீட்டர் போதும். ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டரில் விகிதம் 30-க்கு 1-ஆகக் குறைவதால் 1,000 மீட்டர் வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் இருந்தால் தேவை ஏறத்தாழ 1,170 மீட்டர். இவற்றோடு முடிவு வட்டத்தின் குறைந்தபட்ச உயரத்தையும், இறங்கு சுற்றுக்கான உயரத்தையும் கூட்டுங்கள். முதல் பந்தயத்தில் இதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். 2 மீட்டர் தெர்மலில் அதற்கு ஆகும் செலவு ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஓடுதளத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் இறங்கினால் ஆகும் செலவு அந்த நாளின் வேகப்புள்ளிகள் அனைத்தும்.

கணினி காட்டும் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை, தேவைக்கு மேலுள்ள உபரி உயரம் கூடுகிறதா குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்துகொண்டே போனால் உடனே வேகத்தைக் குறைத்து, பாதையிலிருந்து சற்று விலகியாவது நல்ல காற்றைத் தேடுங்கள். உபரி கூடினால் அதை வேகமாக மாற்றுங்கள். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் வழியிலுள்ள வயல்களை முந்தைய நாளே பார்த்து வைத்திருங்கள். உபரி பூஜ்யமாகி, கீழே காடோ கட்டடங்களோ இருந்தால், அவற்றைத் தாண்ட முயலாமல் அவற்றுக்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

முடிவு வட்டத்தைக் கடந்ததும் வானொலியில் தெரிவித்து, தண்ணீரை வெளியேற்றி, சக்கரத்தை இறக்குங்கள். அந்த நிமிடத்தில் பல திசைகளிலிருந்தும் களைத்த விமானிகள் ஒரே ஓடுதளத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். ஓடுதளத்தின் நடுவில் நின்றுவிடாமல் முழு நீளமும் உருண்டு சென்று, பின்னால் வருபவருக்கு இடம் விடுங்கள்.

மாலை

பறப்புப் பதிவைக் குறித்த நேரத்துக்குள் ஒப்படையுங்கள். பிறகு, முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பதிவுகளை உங்களுடையதோடு மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எத்தனை தெர்மல்களில் சுற்றினார்கள், ஒவ்வொன்றிலும் சராசரி ஏற்றம் என்ன, எவ்வளவு தாழ்வாக இறங்கினார்கள் என்ற மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். உங்களைவிட மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகமாக வந்தவர் பெரும்பாலும் உங்களைப் போன்றே அதே வேகத்தில்தான் சறுக்கியிருப்பார். நீங்கள் பதினெட்டு இடங்களில் சுற்றியபோது அவர் பதினொன்றில் சுற்றியிருப்பார். அந்த ஏழு இடங்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அங்கே ஏன் நின்றோம் என்று எழுதி வைத்துவிட்டு, நாளைய வரிசையில் உங்கள் கிளைடரின் இடத்தைக் கேட்டறிந்துகொண்டு உறங்கச் செல்லுங்கள்.